ஹியூம் இறந்தபோது அடம் ஸ்மித் எழுதிய கடிதம் – நினைவு மலருக்கு எழுத உட்கார்ந்திருக்கிறேன்

உப்போடையான்:

வணக்கம். 22 வருடம் ஒரே ஆசிரியர் அறையில் எனக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்தவர் மூன்று கிழமைக்கு முன் காலமானார். இரண்டு பேரும் உயர்தர வகுப்புக்கு அளவையியல் (தர்க்கம்) படிப்பித்தோம். 31ஆம் நாளுக்கு நினைவு மலர் போடுகிறார்கள். வீட்டார் என்னிடம் இரண்டு பக்கம் கேட்டிருக்கிறார்கள்.

நான்கு நாளாக எழுதுகிறேன். 'ஈடுசெய்ய முடியாத இழப்பு', 'பழகுவதற்கு இனியவர்', 'பண்பின் உறைவிடம்'. வாசித்துப் பார்த்தால், பேரை எடுத்துவிட்டு மட்டக்களப்பில் இந்த வருடம் இறந்த யாருடைய பேரையும் போட்டுவிடலாம் போலிருக்கிறது. அவர் கையில் இந்தத் தாள் கிடைத்திருந்தால் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் சிவப்புப் பேனையால் 'ஆதாரம்?' என்று எழுதியிருப்பார். மாணவர் கொப்பிகளில் அப்படித்தான் எழுதுவார்.

நேற்று இரவு அடம் ஸ்மித்தின் கடிதத்தைத் தேடி எடுத்து வாசித்தேன். அவர் வகுப்பில் அடிக்கடி சொன்ன கடிதம் அது. தத்துவவாதி டேவிட் ஹியூம் 1776 ஓகஸ்ட் 25ஆம் திகதி எடின்பரோவில் இறந்தார். வயது 65, வயிற்று நோய். ஸ்மித் அந்த வருடம் நவம்பர் 9ஆம் திகதி, கேர்க்கால்டி என்ற தன் ஊரிலிருந்து, இருவருடைய நூல்களையும் வெளியிட்ட வில்லியம் ஸ்ட்ரானுக்கு ஒரு கடிதம் எழுதினார். நண்பர் கடைசி நாட்களில் எப்படி இருந்தார் என்று சொல்வதுதான் அதன் வேலை. துயரம் கலந்த ஒரு மகிழ்ச்சியோடு இதை எழுத உட்காருகிறேன் என்று தொடங்குகிறார். அதற்குப் பிறகு தன் மனதைப் பற்றி அநேகமாகப் பேச்சே இல்லை. ஹியூம் என்ன செய்தார், என்ன சொன்னார், யார் வந்து பார்த்தார்கள், அவ்வளவுதான். தன் நூல்களின் புதிய பதிப்புக்குத் திருத்தம் போட்டார். பொழுதுபோக்குப் புத்தகம் வாசித்தார். நண்பர்களோடு சீட்டாடினார். பார்க்க வந்த வைத்தியர் ஒருவர், 'நீங்கள் தேறி வருகிறீர்கள் என்று உங்கள் நண்பரிடம் சொல்கிறேன்' என்றபோது ஹியூம் சொன்ன பதில் இது: 'நீங்கள் உண்மையைத்தான் சொல்ல விரும்புவீர்கள். அதனால், எனக்கு எதிரிகள் யாரும் இருந்தால் அவர்கள் ஆசைப்படும் வேகத்தில் செத்துக்கொண்டிருக்கிறேன் என்றும், என் நல்ல நண்பர்கள் ஆசைப்படும் அளவுக்கு இலேசாகவும் சந்தோசமாகவும் செத்துக்கொண்டிருக்கிறேன் என்றும் சொல்லுங்கள்.'

வாசித்து முடித்ததும் அந்த மனிதரோடு ஒரு பின்னேரம் இருந்துவிட்டு வந்த மாதிரி இருந்தது. என் இரண்டு பக்கத்தில் அது இல்லை. இதை இரங்கல் என்று சொல்லலாமா? எங்கள் ஊரில் இப்படி எழுதினால் வீட்டார் மனம் நோகுமா? உங்கள் எண்ணத்தைச் சொல்லுங்கள்.

வாவிக்கரை:

சேர், ஆழ்ந்த அனுதாபங்கள். ஒரு சந்தேகம். அடம் ஸ்மித்தைப் பொருளியலில்தான் படித்திருக்கிறேன். தத்துவவாதியா அவர்?

உப்போடையான்:

தம்பி, கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் அவர் முதலில் இருந்தது அளவையியல் பேராசிரியர் பதவியில். 1752இல் ஒழுக்கவியலுக்கு மாறினார். அந்த அளவையியல் பதவி காலியாகப் போகிறது என்றானதும் ஹியூமின் பேர் அடிபட்டது. சக ஆசிரியராக வேறு யாரையும் விட டேவிட் ஹியூமைத்தான் விரும்புவேன், ஆனால் ஊரார் அப்படி நினைக்க மாட்டார்கள் என்று ஸ்மித் அப்போது ஒரு கடிதத்தில் எழுதினார். மத நம்பிக்கை இல்லாதவர் என்ற பேர் ஹியூமுக்கு இருந்தது. பதவி கிடைக்கவில்லை. எடின்பரோவிலும் 1745இல் இதே கதைதான். அதனால் இவர்கள் இருவரும் ஒரு நாளும் ஒரே ஆசிரியர் அறையில் இருந்ததில்லை. எனக்கு 22 வருடம் கிடைத்தது. அதை நினைக்கும்போதுதான் கூட வலிக்கிறது.

காரைதீவு_மகன்:

சேர், நான் கொஞ்சம் மாறுபடுகிறேன், மன்னிக்க வேண்டும். நீங்கள் சொன்னதை வைத்துப் பார்த்தால் அது வைத்தியர் எழுதும் குறிப்பு மாதிரி இருக்கிறது. இறந்து பதினொரு கிழமை அளவு கழித்து, குடும்பத்துக்கும் எழுதாமல் பதிப்பாளருக்கு எழுதியிருக்கிறார். எங்கள் மண்ணில் இல்லாததா? சுவாமி விபுலானந்தர் இமயமலைப் பக்கம் இருந்த காலத்தில் தன் நண்பர் கந்தசாமிப் புலவர் மறைந்ததை நினைத்துப் பாடியது 'கங்கையில் விடுத்த ஓலை'. அதுவும் ஓலைதான், கடிதம்தான். ஆனால் அது இறந்தவரை நோக்கிப் போகிற கடிதம். ஆறு கொண்டுபோய்க் கொடுக்கட்டும் என்று விடுகிற கடிதம். துறவி ஒருவர் தன் துக்கத்தை மறைக்காமல் பாடியிருக்கிறார். சிவானந்தா பள்ளிக்கூட வளவில் அவருடைய சமாதிக்கு முன்னால் நின்று பார்த்தவன் நான். அந்த மனம் ஸ்மித்திடம் எங்கே?

நாம் அழுகிற சனம். அழாத இரங்கலை நினைவு மலரில் போட்டால் மண்டபத்தில் வாசிப்பவருக்கே கஷ்டமாக இருக்கும்.

கொக்கட்டிச்சோலை_பேத்தி:

காரைதீவு அண்ணன், அழுகிற சனம் என்றால் ஒப்பாரியைப் பற்றிப் பேசுவோம். என் அம்மம்மா எங்கள் பக்கம் செத்த வீடுகளில் ஒப்பாரி சொல்லக் கூப்பிடுகிற ஆள். சின்ன வயதில் அவவின் சீலையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் இருந்திருக்கிறேன். அவ வீட்டுக்குள் போனதும் அழத் தொடங்க மாட்டா. முதலில் குசினிப் பக்கம் போய் அந்த வீட்டுப் பெண்களிடம் கதைகேட்பா. மனிசன் கடைசியாக என்ன சாப்பிட்டது? எந்த வயலைப் பார்க்கப் போனது? எந்த மாட்டுக்குப் பேர் வைத்துக் கூப்பிட்டது? பிறகுதான் வந்து உட்காருவா. அவவின் ஒப்பாரியில் அந்த வயல் வரும், அந்த மாடு வரும், திண்ணையில் வைத்த வெற்றிலைத் தட்டம் வரும், பாதி இழைத்து விட்ட கலப்பைக் கை வரும். வீட்டாருக்கு அடக்க முடியாத அழுகை வருவது அந்த இடத்தில்தான். ஐயோ என்ற சத்தத்துக்கு யாரும் அப்படி அழுது நான் பார்த்ததில்லை. 'அந்தக் கலப்பைக் கையை ஆர் இழைக்கிறது' என்ற இடத்தில் சின்ன மகன் எழுந்து வெளியே ஓடினதைக் கண்ணால் கண்டவள் நான்.

அதனால் எனக்கு ஸ்மித்தின் கடிதம் ஒப்பாரிக்குத் தூரமாகத் தெரியவில்லை. சந்தியில் கட்டுகிற கண்ணீர் அஞ்சலிப் பதாகைதான் தூரம். அதில் கண்ணீர் என்ற சொல் இருக்கிறது, ஆள் இல்லை.

சேர், நீங்கள் அவரைக் கடைசியாக எப்போது பார்த்தீர்கள்? அதை ஏன் எழுதவில்லை?

சம்மாந்துறை_ஆசான்:

பேத்தி சொன்னது சரி. எங்கள் ஊரிலும் மௌத்து வீட்டுக்குப் போனால் பெரியவர்கள் அவரைப் பற்றித் தங்களுக்குத் தெரிந்த ஒரு நல்ல காரியத்தைச் சொல்வார்கள். 'மனுசன் என் கடனைக் கேட்காமலே விட்டார்' என்று ஒருவர் சொல்வார், அவ்வளவுதான். அது போதும்.

ஆனால் உப்போடையான் அண்ணன், ஸ்மித்தைப் பற்றி ஒரு விசயம் பேச வேண்டும். அவர் முழு உண்மையை எழுதவில்லை. ஹியூம் சாகும் முன் தோணிக்காரன் கதை ஒன்று சொன்னார் அல்லவா? கிரேக்கக் கதையில் இறந்தவர்களை ஆற்றுக்கு அக்கரை கொண்டுபோகிற சாரோன். இன்னும் கொஞ்ச நாள் தவணை வாங்க அவனிடம் என்ன சாட்டுச் சொல்லலாம் என்று ஹியூம் யோசித்துப் பார்க்கிறார். நூல்களைத் திருத்திக்கொண்டிருக்கிறேன் என்கிறார். தோணிக்காரன் மசியவில்லை. மக்களின் கண்ணைத் திறக்கப் பாடுபடுகிறேன், இன்னும் சில வருடம் இருந்தால் நிலவி வரும் மூடநம்பிக்கைகள் சில விழுவதைப் பார்ப்பேன் என்கிறார். அது பல நூறு வருடத்துக்கு நடக்காது, இப்பவே தோணியில் ஏறு என்று அவன் சத்தம் போடுகிறான். அச்சில் வந்த கடிதத்தில் இப்படி இருக்கிறது. ஆனால் ஓகஸ்ட் 14ஆம் திகதி, ஹியூம் உயிரோடு இருக்கும்போதே, ஸ்மித் வேறொரு நண்பருக்கு எழுதிய கடிதத்தில் இதே கதையில் வருவது தேவாலயங்களை மூடிப் பாதிரிமாரை அனுப்பிவிடுவது. பொதுவில் எழுதியபோது அதை மெதுவாக்கிவிட்டார்.

இன்னொன்றும் இருக்கிறது. மதம் பற்றிய தன் உரையாடல் நூலைத் தான் இறந்த பிறகு வெளியிடும்படி ஹியூம் ஸ்மித்திடம் கேட்டார். ஸ்மித் பின்வாங்கினார். அது 1779இல் ஹியூமின் அண்ணன் மகனால் வெளிவந்தது. சாகிற மனிதனின் கடைசி ஆசையைச் செய்யாதவர் எழுதிய இரங்கலை நாம் மாதிரியாக எடுக்கலாமா?

நான் மார்க்கத்தில் நம்பிக்கை உள்ளவன். ஹியூமின் கொள்கையோடு எனக்கு உடன்பாடு இல்லை. அதனால் இதைச் சொல்லவில்லை. வாக்கு என்று ஒன்று இருக்கிறது, அதற்காகச் சொல்கிறேன்.

உப்போடையான்:

காக்கா, நீங்கள் சொன்ன இரண்டும் உண்மை. அந்த நூல் விசயத்தில் ஸ்மித்துக்காக நான் வாதாட வரவில்லை. வெளியிடுவதாக வாக்குக் கொடுத்துவிட்டு மீறவில்லை, கையெழுத்துப் பிரதியைக் கவனமாகப் பாதுகாப்பேன் என்று மட்டும் சொன்னார். ஆனாலும் நண்பர் கேட்டதை அவர் செய்யவில்லை. அது அவரை உறுத்தியிருக்கும் என்றே நினைக்கிறேன். ஹியூம் இந்த வேலைக்காக உயிலில் விட்டுப்போன 200 பவுணை ஸ்மித் வாங்கவில்லை.

ஆனால் பயந்துபோய் எழுதிய கடிதம் என்று மட்டும் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கடைசி வரியைப் பாருங்கள். மனித பலவீனம் இடம் கொடுக்கும் அளவுக்கு முழு ஞானமும் நற்குணமும் உள்ள ஒரு மனிதனுக்கு மிகக் கிட்ட வந்தவராகவே அவரை நான் எப்போதும் கருதினேன், உயிரோடு இருந்தபோதும், இறந்த பிறகும், என்று முடிக்கிறார். மத நம்பிக்கை இல்லாதவர் என்று பேர் எடுத்த ஒருவரைப் பற்றி 18ஆம் நூற்றாண்டுப் பிரித்தானியாவில் தன் பேரைப் போட்டு இப்படி எழுதுவது சின்ன விசயம் இல்லை. 1777இல் ஹியூம் தானே எழுதிய சிறிய வாழ்க்கை வரலாற்றோடு சேர்ந்து இது அச்சில் வந்தது. ஒக்ஸ்போர்டிலிருந்து ஜோர்ஜ் ஹோர்ன் பேர் போடாமல் ஒரு கண்டன நூலே எழுதினார். 1780இல் ஸ்மித் சொல்கிறார்: பிரித்தானியாவின் முழு வணிக முறையையும் தாக்கி நான் எழுதிய நூலுக்குக் கிடைத்ததை விடப் பத்து மடங்கு திட்டு, நண்பரின் மரணம் பற்றி எழுதிய அந்த ஒற்றைத் தாளுக்குக் கிடைத்தது என்று.

காரைதீவுத் தம்பிக்கு ஒன்று சொல்ல வேண்டும். பதிப்பாளருக்கு எழுதியது குளிர்ந்த மனத்தால் இல்லை. அந்தக் கடிதம் ஹியூமின் வாழ்க்கை வரலாற்றின் முடிவாகப் போக வேண்டும் என்பது ஸ்மித்தின் எண்ணம். தன் சாவைத் தானே எழுத முடியாது அல்லவா? நண்பன் விட்ட இடத்திலிருந்து அடுத்த வரியை இவர் எழுதிக் கொடுத்தார்.

பேத்தி, உங்கள் கேள்விக்குப் பதில் சொல்ல எனக்குக் கொஞ்சம் நேரம் தேவை.

காரைதீவு_மகன்:

அண்ணன் மகன் விசயமும் திட்டு வாங்கிய கதையும் எனக்குத் தெரியாது. சேர் சொன்ன பிறகு கடிதத்தை நானும் தேடி வாசித்தேன். ஒரு இடத்தில் நின்றுவிட்டேன். சாகும்போது ஸ்மித் பக்கத்தில் இல்லை!

பேச்சுக் கொடுத்தால் ஹியூமுக்குக் களைத்துப் போகிறது, அதனால் ஹியூமே கேட்டுக்கொண்டபடி ஸ்மித் எடின்பரோவை விட்டு அம்மாவின் வீட்டுக்குப் போய்விடுகிறார். பார்க்க வேண்டும் போலிருந்தால் ஆள் அனுப்புவேன் என்பது பேச்சு. ஆள் வரவில்லை. 23ஆம் திகதி ஹியூமிடமிருந்து ஒரு கடிதம் வருகிறது, இன்று எழும்ப முடியவில்லை, அதனால் மருமகனின் கையால் எழுதுகிறேன் என்று. (அண்ணன் மகனை அவர்கள் எப்படிக் கூப்பிடுவார்களோ, நமக்கு மகன் முறை.) மூன்று நாள் கழித்து வைத்தியர் பிளாக் எழுதுகிறார், நேற்றுப் பின்னேரம் நான்கு மணி அளவில் உயிர் பிரிந்தது என்று. ஸ்மித் அந்தக் கடிதங்களை அப்படியே தன் கடிதத்துக்குள் எடுத்து வைத்துவிட்டார். சாவைத் தன் சொல்லில் சொல்லவே இல்லை. பார்க்காததை எழுத மனம் வரவில்லை என்று நினைக்கிறேன்.

குளிர்ந்த மனம் என்று சொன்னதை வாபஸ் வாங்குகிறேன். ஆனால் அழவே கூடாது என்றால் அதை ஒத்துக்கொள்ள மாட்டேன். புறநானூற்றில் புலவர் பொத்தியார், கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்து (வடக்கு நோக்கி உண்ணாநோன்பு இருந்து) இறந்த பிறகு உறையூருக்குத் திரும்பி வருகிறார். யானையை இழந்த பாகன் வெறும் கட்டுத்தறியைப் பார்த்து அழுவது மாதிரி, அரசன் இல்லாத மன்றத்தைப் பார்த்து நானும் அழுதேன் என்கிறார். தறியும் இருக்கிறது, அழுகையும் இருக்கிறது. இரண்டும் வேண்டும்.

கொக்கட்டிச்சோலை_பேத்தி:

அந்தத் தறி இல்லாவிட்டால் அந்த அழுகையை இத்தனை நூற்றாண்டு யார் ஞாபகம் வைத்திருப்பார்கள் அண்ணன்?

உப்போடையான்:

பொத்தியாரை நினைவூட்டியதற்கு நன்றி தம்பி. பக்கத்துக் கதிரையில் இப்போது பரீட்சைத் தாள் கட்டுகளை அடுக்கி வைத்திருக்கிறார்கள். நான் அந்தப் பக்கம் பார்க்காமல் மேசையைச் சுவர்ப் பக்கம் திருப்பிவிட்டேன்.

பேத்தி கேட்டதற்குப் பதில். நானும் பக்கத்தில் இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போனேன். வார்ட்டில் கடைசிக் கட்டில், ஜன்னல் பக்கம். என்னைக் கண்டதும் எழும்பி உட்காரப் பார்த்தார். பத்து நிமிடம் கதைத்திருப்போம். பிறகு, 'கதைச்சா இளைக்குது, நீங்க போங்க, புதன்கிழமை வாங்க' என்றார். செவ்வாய் விடியற்காலை அவருடைய மகன் போன் எடுத்தார். புதன்கிழமை வாங்க என்றதை நான் யாருக்கும் சொல்லவில்லை. இருந்திருக்க வேண்டும், போ என்றாலும் வராந்தாவில் இருந்திருக்க வேண்டும் என்று மூன்று கிழமையாக ஒரே நினைப்பு. 'ஈடுசெய்ய முடியாத இழப்பு' என்று எழுதியதெல்லாம் இதை எழுதாமல் இருக்கத்தான் என்று இப்போது தெரிகிறது.

வாவிக்கரை:

சேர், நான் அவரிடம் படித்தவன். நீங்கள் யாரைப் பற்றி எழுதுகிறீர்கள் என்று முதல் பதிவிலேயே விளங்கிவிட்டது, சொல்லத் துணிவு வரவில்லை. தோணிக்காரன் கதையை எங்களுக்கும் சொன்னார். 'சாரோன் ஆரென்று தெரியாட்டி மண்முனைத் துறையில போய்ப் பாருங்க' என்பார். அவர் வாவிக்கு மேற்கே படுவான்கரை ஆள், 2014இல் பாலம் திறக்கும் வரைக்கும் ஊரிலிருந்து வருகிற நாட்களில் பாதையில் (ஆட்களை ஏற்றி வாவியைக் கடக்கிற மிதவை) கடந்துதான் பள்ளிக்கூடம் வருவார். பாதை பிந்தினால் முதல் பாடத்துக்கு நனைந்த சப்பாத்தோடு வருவார், கடுதாசி நனையாமல் சட்டைக்குள் வைத்திருப்பார். தயவுசெய்து அந்தச் சட்டையையும் எழுதுங்கள்.

சம்மாந்துறை_ஆசான்:

அண்ணன், போ என்று சொன்னவர் அவர். நீங்கள் அவர் சொல்லைக் கேட்டீர்கள். ஸ்மித்தைப் பற்றி நான் கடுமையாகப் பேசினேன். ஆனால் நண்பன் போ என்றதும் எழும்பிப் போய், பிறகு அதையும் மறைக்காமல் எழுதினார் என்பதை நான் கவனிக்கவில்லை. புதன்கிழமை வாங்க என்றதை எழுதுங்கள். அல்லாஹ் அந்தக் குடும்பத்துக்குப் பொறுமையைக் கொடுக்கட்டும்.

அச்சுமை:

எல்லோருக்கும் வணக்கம். டவுனில் சின்ன அச்சகம் வைத்திருக்கிறேன், நினைவு மலர்தான் பாதி வேலை. ஒரு யோசனை சொல்லலாமா? சேர் கையால் எழுதியதையே அப்படியே அச்சடிக்கலாம். வருகிற எல்லா மலரும் ஒரே எழுத்துருவில் வருகிறது, திறந்தால் யாருடையது என்றே தெரியாது. ஒரு வீட்டில் மகள் கையால் எழுதித் தந்ததைப் போட்டோம், மண்டபத்தில் எல்லோரும் அந்தப் பக்கத்தைத்தான் விரித்து வைத்திருந்தார்கள்.

கோடு போடாத வெள்ளைத் தாள், கறுப்புப் பேனை. நீல மை வேண்டாம், ஸ்கேன் பண்ணினால் மங்கும். நான்கு பக்கமும் ஒரு அங்குலம் இடம் விடுங்கள், வெட்டும்போது எழுத்து போய்விடும். ஏ4 தாளில் எழுதினால் மலரில் பாதியாகச் சுருங்கும், அதனால் எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக. நடுவில் கம்பி அடிக்கிற புத்தகம் என்றால் பக்கம் நான்கு நான்காகத்தான் கூடும், இரண்டு பக்கம் கூடினால் வீட்டாரிடம் சொல்லி அவருடைய கையெழுத்தில் ஒரு பக்கமும் தேடி எடுங்கள், மிச்ச இடத்தில் போடலாம்.

உப்போடையான்:

ஐயா, அது நல்ல யோசனை. அவருடைய கையெழுத்து என்னிடமே இருக்கிறது. சுனாமியில் கல்லடியில் அவர் அப்போது வாடகைக்கு இருந்த அறைக்குள் தண்ணீர் வந்து 11 வருடப் பாடக் குறிப்பு முழுக்க உப்பில் ஊறிப்போனது. 2005 முழுக்க அதை நினைவிலிருந்து திரும்ப எழுதினார், ஏழு கொப்பி. எனக்கும் ஒரு செட் கையாலேயே எழுதித் தந்தார், போட்டோகொப்பி எடுக்கலாமே என்றதற்கு, எழுதினால்தான் எங்கே பிழை விட்டேன் என்று தெரியும் என்றார். மூன்றாவது கொப்பியில் ஹியூமின் காரண காரியப் பாடம் இருக்கிறது. இதுவரை சூரியன் உதித்தது என்பதால் நாளையும் உதிக்கும் என்று தர்க்கத்தால் நிறுவ முடியாது என்ற இடத்தில், ஓரத்தில் பென்சிலால் 'ஆனாலும் காலை 6.10 பாதைக்கு வர வேண்டும்' என்று எழுதி வைத்திருக்கிறார். அந்தப் பக்கத்தைப் போடுகிறேன்.

இன்று பின்னேரம் எழுதி முடித்தேன். வாவிக்கரைத் தம்பிக்கு எழுதுகிற கடிதமாக எழுதினேன், அவரைத் தெரிந்த, ஆனால் கடைசி நாட்களில் பார்க்காத ஒருவருக்கு. தொடக்கம் மட்டும் இங்கே:

"அன்புள்ள தம்பி, சேர் கடைசியில் எப்படி இருந்தார் என்று அறிய ஆசைப்படுவீர்கள். நான் பார்த்ததை மட்டும் எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை பார்த்தபோது மெலிந்திருந்தார். தலையணைக்குக் கீழே உங்கள் வருடத்துப் பிள்ளை ஒன்று கொடுத்த சுடோக்குப் புத்தகம், அதற்குள் பஸ் டிக்கெட் ஒன்று அடையாளமாக. ஜன்னலால் வந்த வெயில் காலில் விழுந்தது, போர்வையை இழுத்துவிடச் சொன்னார். மூன்றாம் தவணைப் பேப்பரில் ஐந்தாம் கேள்வியின் முடிவு தரப்பட்ட எடுகூற்றுகளிலிருந்து வராது, மாற்றிவிடுங்கள் என்றார். மாற்றினேன். பிறகு, புதன்கிழமை வரச் சொன்னார். செவ்வாய்க்கிழமை நடந்ததை நான் பார்க்கவில்லை. அதை அவருடைய மகன் அடுத்த பக்கத்தில் தன் கையால் எழுதியிருக்கிறார்."

காரைதீவுத் தம்பி, கடைசிப் பந்தியில் கதிரையைப் பற்றியும் எழுதியிருக்கிறேன். அங்கே அழுதேன் என்றும் எழுதியிருக்கிறேன்.

காரைதீவு_மகன்:

சேர், நான் இதற்கு மேல் ஒன்றும் கேட்க மாட்டேன். 31க்கு நான் வருவேன்.

அச்சுமை:

செவ்வாய் பின்னேரம் வரைக்கும் பிளேட் போடாமல் வைத்திருக்கிறேன் சேர். மூன்றாவது கொப்பியை முழுசாகக் கொண்டு வாங்க, பக்கத்தைக் கிழிக்க வேண்டாம். அப்படியே விரித்து வைத்து எடுப்போம்.